கிருமியில்லா வளாகம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மைக்ரோபயாலஜி படித்த எல்லாருக்கும் அந்தத் துறையிலேயே வேலை கிடைத்துவிடுகிறது. இது விளம்பரப் பொய் இல்லை. வேலைவாய்ப்புப் பிரிவின் தலைவி விஷ்ணுப்ரியா விளக்கினால் உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலாண்டு அறிமுகக் கூட்டத்தில் அவர் எங்கள் சீனியர்களின் படங்களைத் திரையில் காட்டினார். ஓர் அக்கா பேரங்காடியில் தயிர்பானம் சாம்பிள் கொடுத்துக்கொண்டிருந்தார். கீழே 'நொதித்தல் தொழில்துறை' என்று போட்டிருந்தது. ஓர் அண்ணன் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் சேலை மடித்துக்கொண்டிருந்தார். 'துணிவழிப் பரவும் நுண்ணுயிர்களோடு அன்றாடத் தொடர்பு.' இன்னொருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். அவரைப் பற்றிச் சொல்லும்போது விஷ்ணுப்ரியாவுக்குக் குரல் தழுதழுத்தது.

"ஒரு ஆள் உடம்புல எத்தனை கோடி கிருமி இருக்கு தெரியுமா? அத்தனையையும் அவரு தினமும் சுபாங்லேர்ந்து கே.எல்.லுக்குப் பத்திரமா கொண்டு சேர்க்கிறாரு. கிருமி இல்லாத இடம் உலகத்துல எங்க இருக்கு சொல்லுங்க? அப்போ எந்த வேலை செஞ்சாலும் நம்ம துறைதானே?"

கைதட்டினோம். நான் பலமாகவே தட்டினேன். எங்கள் குடும்பத்தில் பள்ளியின் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கே கைதட்ட வேண்டும், எங்கே எழுந்து போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் யாருக்கும் தெரியாது.

எமினென்ஷியா அனைத்துலகப் பல்கலைக்கழகம் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கட்டடத்தின் நடு மாடிகளில் இருக்கிறது. கீழே மெத்தைக் கடை, மேலே பல் கிளினிக். அனைத்துலகம் என்பதற்கு அத்தாட்சியாக வரவேற்பறையில் லண்டன், நியூயார்க், தோக்கியோ என்று கடிகாரங்கள் தொங்கும். லண்டன் நின்று ரொம்ப நாளாகிறது. துணைவேந்தர் டத்தோ சிவநேசன்தான் நிறுவனர், உரிமையாளர், வருடா வருடம் பட்டமளிப்பு விழாவின் சிறப்பு விருந்தினர். அவர் மூன்று மொழிகளில் உரையாற்றுவார். எந்த மொழியிலும் உட்காரமாட்டார்.

நான் கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் போய்வந்தேன். அப்பா கேரி தீவில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு டேங்கர் லோரி ஓட்டுகிறார். ஆலைக்குப் பின்னால் கழிவுநீர்க் குளங்கள். எண்ணெயும் சகதியுமாகக் காப்பி நிறத்தில் குமிழி விட்டுக்கொண்டே கிடக்கும். கிட்டே போனால் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரை அப்பா ஒரு மினரல் பாட்டிலில் பிடித்துவந்து, பூங்கொத்து கொடுப்பதுபோல் என்னிடம் நீட்டினார். அதிலிருந்துதான் இறுதியாண்டு ஆய்வுக்கு என் கிருமியைப் பிரித்தெடுத்தேன். கிருமி வளர்க்கும் தட்டில் எண்ணெய் கலந்த உணவுக்கூழ் பால் மாதிரி கலங்கலாக இருக்கும். கிருமி தொட்ட கம்பியால் அதில் கோடு இழுத்து வளர்த்தால், வளர்ந்த ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கலங்கல் போய், கண்ணாடி மாதிரி ஒரு வளையம் தெளியும். அந்த இடத்து எண்ணெயை அது தின்று முடித்துவிட்டது என்று அர்த்தம்.

என் வகுப்புத் தோழி பெர்னிஸிடம் காட்டினேன். குனிந்து பார்த்தாள். "எண்ணெய் வழியுற நம்ம கேண்டீன் ரொட்டி சானாய்மேல ஒரு சொட்டு விடுடி. புண்ணியமா போவும்."

அந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்குக் காப்பாரில் ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிறுவனத்துக்குப் போனேன். முதலாளி கார்த்திகேசு. அவர் எமினென்ஷியா ஆட்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார். போன தடவை வந்தவன் பூஞ்சை பிடித்த தட்டைக் கொண்டுவந்து, "இது கூடவே வந்திச்சு பாஸ்" என்றானாம். பயிற்சி முடிகிற அன்று என்னைக் கூப்பிட்டார்.

"எண்ணெய் திங்கிற உன் குளத்துக் கிருமியைத் தனியா, உயிரோட கொண்டுவா. அதுல வேற ஒன்னு கலந்திருந்தா கேட்டுக்கு உள்ளயே வராத. பட்டமும் வேணும். அது எனக்கில்ல, லைசென்ஸ் குடுக்கிறவனுக்கு. எங்க புதுக் கழிவுநீர்க் குளம் திறக்கிறதுக்குள்ள ரெண்டும் வந்தா, லேப் உன்னோடது."

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இதுவரை ஓர் அறையைக் காட்டி 'உன்னோடது' என்று எவரும் சொன்னதில்லை. அன்று கோமுட்டரில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் டத்தோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பினார். அவர் தங்கிய ஹோட்டலில் ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு கைச்சுத்தத் திரவப் போத்தல் இருந்திருக்கிறது. அது அவரை ஆழமாகப் பாதித்துவிட்டது. உலக வளாகத் தூய்மை நட்சத்திர விருதுக்கு மனுப் போட்டார். மண்டபத்தில் எல்லாரையும் கூட்டினார்.

"மற்ற பல்கலைக்கழகங்கள் கிருமிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கின்றன," என்றார். "எவ்வளவு காலத்துக்குப் படிப்பது? நாம் ஒழித்துவிட்டுப் படிப்போம். இன்றிலிருந்து இது கிருமியில்லா வளாகம்."

பெர்னிஸ் எழுந்து, மைக்ரோபயாலஜி லேபில் இருக்கும் கிருமிகளை என்ன செய்வது என்று கேட்டாள்.

"துறை இருக்கும், கிருமி இருக்காது," என்றார் டத்தோ. "நாட்டில் சிறைத்துறை இருக்கிறது. அதற்காக ஊரெல்லாம் கைதிகள் இருக்க வேண்டுமா?"

முதலில் கைதட்டியவர் எங்கள் துறைத்தலைவர் டாக்டர் சுகுமாறன். என் ஆய்வுக்கு மேற்பார்வையாளரும் அவர்தான். நல்ல மனிதர். அவருடைய வேலை ஒப்பந்தம் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு ஒரு புதுக் கருத்து இருக்கும்.

மறுவாரமே துறையின் கிருமிச் சேமிப்பை அழிக்கும் விழா நடந்தது. வாசலில் ரிப்பன். குத்துவிளக்கு. பக்கத்திலேயே ஒரு வாளி பிளீச். இத்தனை ஆண்டுகளாக மாணவர்கள் பிரித்துச் சேர்த்துவைத்த குழாய்களை டத்தோ ஒவ்வொன்றாக வாளிக்குள் போட, புகைப்படக்காரர் ஒவ்வொரு குழாய்க்கும் சிரிக்கச் சொன்னார். நன்றியுரையில் டாக்டர் சுகுமாறன், இத்துறையில் தன் கனவு இன்று நிறைவேறியது என்றார். என்ன கனவு என்று யாரும் கேட்கவில்லை.

என் தட்டுகளை முந்தின நாளே ஓர் ஐஸ்கிரீம் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். கிருமிகளை வீட்டு ஐஸ்பெட்டியில் வைப்பது பாதுகாப்பு விதிப்படி தப்பு. எனக்குத் தெரியும். என் கிருமி எண்ணெயைத் தவிர எதையும் சீந்தாது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெய் டப்பாவை மேல்தட்டுக்கு மாற்றினார். பிறகு என் டப்பாமேல் ஒரு தாளை ஒட்டினார்: 'குமுதா பிள்ளைங்க. யாரும் தொடாதே.'

லேபில் கிருமி போன பிறகும் லேப் வகுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. காலித் தட்டுகளின் அடியில் கிருமிக் கூட்டங்களின் கலர்ப் படங்களை ஒட்டிக்கொடுத்தார்கள். கம்பியைச் சுடரில் காட்டித் தட்டில் கோடு இழுப்பதற்குப் பதிலாக, மார்க்கர் பேனாவால் இழுத்தோம். ஒரு பையன் படத்தைத் தலைகீழாக ஒட்டிவிட்டான். 'அரிய வளர்ச்சி' என்று அவனுக்குக் கூடுதல் புள்ளி கிடைத்தது.

கருவிகளும் வீணாகவில்லை. காற்றை வடிகட்டும் கண்ணாடிக் கூண்டுக்குள் விளக்கு இருந்ததால் டத்தோவின் விருதுக் கோப்பைகளை அதில் அடுக்கினார்கள். கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டியை பல்கலைக்கழகத்தை நடத்தும் செனட்டின் கூட்டத்துக்கான கறிபாப் பலகாரம் வைக்க எடுத்துக்கொண்டார்கள். அதன் சூடு மனித உடம்பின் சூடு. அதில் கறிபாப் சூடாகாது. கறிபாப்பில் இருக்கிற கிருமிகள்தான் சுகமாகப் பிள்ளை குட்டி பெறும். இதை டாக்டர் சுகுமாறனிடம் சொன்னேன். அவருக்கும் தெரியும் என்றார். சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல வேண்டிய நேரம் வரும் என்றார். நேரம் வருவதற்குள் செனட் கூட்டம் வந்துவிட்டது. உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே ஓடினார்கள். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. உறுப்பினர்களுக்கு அறிவுசார் களைப்பு என்று அறிவிப்புப் பலகையில் போட்டார்கள். கிருமியில்லா வளாகத்தில் வேறெதனால் வயிறு கலங்கும்?

தூய்மைக் காவலர்கள் என்று ஒரு படையை நியமித்தார்கள். பச்சைச் சட்டை போட்டவர்கள் நாள்தோறும் லிப்டுப் பொத்தான், கதவுப் பிடி, மேசை எல்லாவற்றையும் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுப்பார்கள். குச்சியை ஒரு குழாயில் போட்டு மூடி, அலமாரியில் அடுக்குவார்கள். மாலையில் வரவேற்பறை மின்பலகையில் கிருமி எண்ணிக்கை வரும். பூஜ்ஜியம். மறுநாளும் பூஜ்ஜியம். டத்தோ தினமும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

இந்த நிலையில் எனக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வு வந்தது. வெளித் தேர்வாளர் பேராசிரியர் உர்சுலா, வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். கிருமியின் படத்தை மட்டும் காட்டச் சொல்லி டாக்டர் சுகுமாறன் எனக்கு உத்தரவு போட்டிருந்தார். கலர் பிரிண்டுக்குத் தன் சொந்தப் பிரிண்டர் அட்டையைக்கூடக் கொடுத்தார். நான் ஐஸ்கிரீம் டப்பாவோடு போனேன். படம் காட்டிப் பட்டம் வாங்கலாம், காப்பாரில் படத்தைக் காட்டி என்ன வாங்குவது?

மேசையில் தட்டை வைத்தேன். டாக்டர் சுகுமாறன் தண்ணீர் குடித்தார். பேராசிரியர் உர்சுலா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார்.

"இது உயிரோட இருக்கா?"

"இருக்கு பேராசிரியர்."

"காலையிலேர்ந்து இந்தக் கட்டடத்துல உயிரோட ஒன்னை இப்பதான் பார்க்கிறேன்," என்றார். சொல்லும்போது அவர் டாக்டர் சுகுமாறன் பக்கம் திரும்பவில்லை. அது அவருடைய மரியாதை. பிறகு எப்படிப் பிரித்தேன், எத்தனை முறை கோடு இழுத்தேன், வேறு எதுவும் கலக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று துருவித் துருவிக் கேட்டார். பதில் சொல்லச் சொல்ல எனக்குப் பசியே போய்விட்டது. மூன்று ஆண்டுகளில் என் பாடத்தைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.

தேர்ச்சி என்று எழுதினார். அந்த நேரம் பார்த்து டத்தோ உள்ளே வந்தார். யாரோ தூய்மைக் காவலர் போட்டுக்கொடுத்திருக்கிறார்.

"உயிருள்ள கிருமியா? பூஜ்ஜியம் என்று நிரூபிக்கப்பட்ட வளாகத்திலா?"

எப்படி நிரூபித்தீர்கள் என்று பேராசிரியர் உர்சுலா விசாரித்தார். தினமும் துடைத்தெடுப்பதை டத்தோ பெருமையாக விளக்கினார். துடைத்தெடுத்த பிறகு எதில் போட்டு வளர்த்துப் பார்க்கிறீர்கள் என்று பேராசிரியர் அடுத்துக் கேட்டார்.

டத்தோவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "வளர்ப்பதா? வளர்த்தால் வந்துவிடுமே."

பேராசிரியர் உர்சுலா என் பக்கம் திரும்பி, நாலைந்து தட்டு தயார் செய்ய முடியுமா என்றார். டத்தோவின் மைக், லிப்டுப் பொத்தான், பெரிய விருதுக் கோப்பை, கடைசியாக டத்தோவின் வலது உள்ளங்கை. ஒவ்வொன்றையும் துடைத்துத் தட்டில் தடவினேன். உள்ளங்கையைத் தடவும்போது டத்தோ கூச்சத்தில் சிரித்தார். சூட்டுப்பெட்டியிலிருந்து கறிபாப் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு என் தட்டுகளை உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலையில் திறந்தால் திருவிழா. மைக்கில் வெள்ளை வெள்ளையாக ஒரு ஊரே குடியேறியிருந்தது. லிப்டுப் பொத்தானில் மஞ்சள். கோப்பையில் ஏதோ வழவழவென்று படர்ந்திருந்தது. உள்ளங்கைத் தட்டில் இடமே இல்லை. பேராசிரியர் உர்சுலா தட்டுகளை மேசையில் வரிசையாக அடுக்கிவிட்டு, ஈப்போவில் அடுத்த வைவா இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். வெளித் தேர்வாளர் எழுதினாலும் செனட் ஒப்புக்கொண்டால்தான் பட்டம். செனட் என்றால் டத்தோ. அவர் தட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இந்த வண்ணமயமானது யாருடையது?"

"உங்க கை, டத்தோ."

"எல்லாம் என்னுடையதா?" குரல் மாறியிருந்தது. "இவ்வளவும்?"

மாலைக்குள் தூய்மை நட்சத்திர மனு திரும்பப் பெறப்பட்டு, உலக வளாகப் பல்லுயிர் வள நட்சத்திரத்துக்கு மனு போய்விட்டது. வளாகக் கதவுகளில் வைத்திருந்த கைச்சுத்தப் போத்தல்கள் காணாமல்போயின. காவலர்களின் சட்டை அதேதான், பின்னால் எழுதியிருந்தது மட்டும் மாறியது. மின்பலகையில் பூஜ்ஜியத்துக்கு முன்னால் ஒன்று போட்டு, அதற்குப் பின்னால் இன்னும் நிறைய பூஜ்ஜியங்கள் சேர்த்தார்கள். புது இயக்கத்தின் பெயர் 'ஆயிரம் கிருமிகள், ஒரே குடும்பம்'. டத்தோவின் உள்ளங்கைத் தட்டைப் பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டினார்கள். டாக்டர் சுகுமாறன், தன் கனவு இன்றுதான் நிறைவேறியது என்றார்.

சரி, இப்போதாவது என் கிருமிக்கு வாழ்வு வந்தது என்று நிம்மதியாக இருந்தேன். செனட் என்னை அழைத்தது.

"ஒரு சின்ன சிக்கல் குமுதா," என்று டாக்டர் சுகுமாறன் ஆரம்பித்தார். "உன் தட்டுல ஒரே இனம்தான் இருக்கு."

"ஆமா டாக்டர். அதுதானே தூய வளர்ப்பு? ரெண்டாம் ஆண்டுல நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, வேற ஒன்னு வந்தா தட்டு கெட்டுப்போச்சுன்னு."

"அது போன கொள்கை லா."

டத்தோ எழுந்து நின்றார். எழுந்தால் உரைதான்.

"ஒரே இனம் தட்டு முழுக்கத் தானே உட்கார்ந்துகொண்டு, எல்லா எண்ணெயையும் தானே தின்றுகொண்டு, மற்ற இனங்களை உள்ளேயே விடாமல் இருப்பதை, பல இனங்கள் வாழும் இந்த நாட்டில், நாம் ஏற்றுக்கொள்ள முடியுமா?"

மேசையைச் சுற்றி இருந்த யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒருவர் தண்ணீர்ப் போத்தலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டாலேயே அடித்திருப்பேன். அதில் வேறு ஏதாவது ஒட்டிவிடுமே என்றுதான் விட்டேன். "டத்தோ, இதுல மத்ததைக் கலந்தா அதுக்குப் பேரு ஆய்வில்ல, குப்பை," என்றேன்.

"குப்பையிலும் பன்முகம் உண்டு," என்றார் டத்தோ. பதிவாளர் உடனே அதைக் குறித்துக்கொண்டார். வரும் ஆண்டின் முழக்கவரி அதுதான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திருத்திய தட்டை அடுத்த கூட்டத்தில் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று முடித்துவிட்டார்கள். காப்பாரில் புதுக் குளத்துக்கு சிமெண்டு பூசியாகிவிட்டது. கார்த்திகேசு அடுத்த ஆண்டுவரை காத்திருக்கிற ஆளில்லை.

வெளியே பெர்னிஸ் காத்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். நடைபாதையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிருமியைத் தனியாக நிறுத்துவதற்காக எத்தனை நாள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கோடு இழுத்திருக்கிறேன். அதுதான் இந்தப் படிப்பு. அதைத் தவிர இதில் வேறு ஒன்றுமே இல்லை.

"கெடுக்கறது என்ன பெரிய வேலையா?" என்றாள் அவள். "மூடியைத் திறந்து வை. மத்ததை அவங்களே செய்வாங்க."

வீட்டில் இரண்டு தட்டுகளில் கோடு இழுத்தேன். ஒன்றை மூடி, பிளாஸ்டிக் சுற்றி, அம்மா ஒட்டிய தாளுக்குப் பின்னால் வைத்தேன். மற்றதை ஒரு செனட் துணைக்குழுக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், மேசை நடுவில், குளிர்சாதனத்துக்கு நேர் கீழே, மூடியைத் திறந்து வைத்தேன். பன்முகப்படுத்துகிறேன் என்று சொன்னேன். எல்லாரும் மகிழ்ச்சியாகத் தலையாட்டினார்கள். டத்தோ பேசினார். பேச்சின் நடுவே இருமினார். யாரோ கறிபாப்பைத் தட்டுக்கு மேலாக நீட்டி வாங்கினார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாண்டிலிருந்து செய்யக்கூடாது என்று படித்த எல்லாம் ஒரே கூட்டத்தில் ஒழுங்காக நடந்தேறியது.

சில நாளில் அந்தத் தட்டு பச்சைப் பஞ்சும் இளஞ்சிவப்புப் புள்ளியும் கறுப்பு மயிருமாகப் பூத்து நின்றது. என் கிருமி ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டிருந்தது. செனட் எழுந்து நின்று கைதட்டியது. மிகச் சிறப்பு நிலையில் தேர்ச்சி. டாக்டர் சுகுமாறன் தட்டைக் குனிந்து பார்த்தார். தட்டு கெட்டுப்போனது அவருக்குத் தெரியும். ஒருகாலத்தில் அவரும் நல்ல கிருமிக்காரராக இருந்திருப்பார்.

"இதை எங்கயும் வெளியில காட்டாதம்மா," என்றார் மெதுவாக.

பட்டத்தை வாங்கிய கையோடு, காலையிலேயே வீட்டு ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்துவந்திருந்த மற்ற தட்டோடு நேரே காப்பாருக்குப் போனேன். கார்த்திகேசு வாசலிலேயே நிற்கவைத்துத் தட்டை வாங்கினார். மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாப் புள்ளிகளும் ஒரே மாதிரி, ஒவ்வொன்றையும் சுற்றித் தெளிந்த வளையம். உள்ளே கொண்டுபோய் ஒரு புள்ளியைத் தொட்டெடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"என்னா இது, ஒன்னே ஒன்னுதான் தெரியுது?"

செனட்டுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. "மத்த இனங்களுக்கும் இடம் குடுத்திருக்கணும் பாஸ், ஆனா..."

தலையைத் தூக்கினார். "பைத்தியமா உனக்கு? ஒன்னே ஒன்னு இருக்கணும்னுதானே சொன்னேன்."

பட்டத்தை நீட்டினேன். 'மிகச் சிறப்பு' என்றிருந்த இடத்தில் விரலை வைத்து, இந்தத் தட்டுக்கா என்று கேட்டார். இல்லை, இன்னொன்றுக்கு என்று நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை சிரிக்காமல் கேட்டார். பட்டத்தை லைசென்ஸ் ஃபைலில் செருகினார். தட்டை ஐஸ்பெட்டியில் வைத்துப் பூட்டினார். லேப் சாவியை எடுத்து எனக்குக் கொடுக்க வந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"நேரா அங்கேர்ந்துதான் வரியா?"

"ஆமா பாஸ்."

"டத்தோ கை குடுத்தாரா?"

"குடுத்தாரு."

சாவியை நீட்டாமல் சிங்க் பக்கத்தில் வைத்தார்.

"மொதல்ல சோப்பு போட்டு நல்லா கழுவு. அப்புறம் எடுத்துக்க."